கப்பலா... ரிஸார்ட்டா? உங்கள் உடம்பைக் கேளுங்கள்!

"டாக்டரம்மா, நாங்க எங்கே டூர் போகணும்னு நீங்கதான் சொல்லணும்!"

நாடி பார்ப்பதற்குக் கையை நீட்டிக்கொண்டே அந்த அம்மா இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து வெளியே வந்ததிலிருந்து இத்தனை வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். மூட்டு வலி என்று வருவார்கள், சர்க்கரை என்று வருவார்கள், குழந்தைக்கு சளி என்று வருவார்கள். ஊர் சுற்ற வழி கேட்டு யாரும் வந்ததில்லை!

வந்தவர்கள் அக்காவும் தங்கையும். தாம்பரம் பக்கம் அடுத்தடுத்த தெருவில் வீடு. அக்காவுக்கு 58 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், முழங்கால் வலி உண்டு. கணவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. தங்கைக்கு 49. மாதவிலக்கு நிற்கப் போகும் பருவம். ஒற்றைத் தலைவலி வேறு. பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்தில் வாந்தி.

அக்காவின் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். "அம்மா, சித்தியைக் கூட்டிக்கிட்டு கப்பல்ல மூணு நாள் போயிட்டு வா. பணம் நான் கட்டறேன்" என்கிறான். தங்கையின் மகளோ, "கப்பல் எல்லாம் வேண்டாம்மா. பெரியம்மாவோட கொடைக்கானல்ல நல்ல ரிஸார்ட்டா பார்த்துத் தங்கிட்டு வா" என்கிறாள். ஒரு மாதமாக இந்தப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

தங்கைதான் இவ்வளவும் சொன்னார். அக்கா வாயே திறக்கவில்லை. "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்கேயும் வேண்டாம் டாக்டரம்மா. போன தடவை பட்டதே போதும்" என்றார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கணவரோடு வேனில் மலைக்குப் போயிருக்கிறார். வழியில் கழிப்பறை சுத்தமாக இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. வந்த சிறுநீரையும் அடக்கிக்கொண்டே போயிருக்கிறார். இரண்டாம் நாள் ராத்திரி குளிர் ஜுரம், இடுப்புக்கு மேலே பின்பக்கம் தாங்க முடியாத வலி. ரிஸார்ட்டில் டாக்டர் கிடையாது. நடுராத்திரியில் காரைப் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, சிறுநீரகத்தில் தொற்று என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து நாள் படுக்கை!

"அன்னிக்கு ராத்திரி என்னை மடியில சாய்ச்சுக் கூட்டிக்கிட்டு வந்தவர் இப்ப இல்லையே... இனிமே எனக்கு ஏதாவது ஆனா யாரு இருக்கா?" என்றார்.

என் சிரிப்பு அடங்கிவிட்டது. இது வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விதான் என்று புரிந்தது. அன்றைக்கு அவர்களிடம் பேசியதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இந்த விடுமுறைக்கு இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம், இல்லையா?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரிஸார்ட் என்பது ஒரே வளாகத்துக்குள் அறை, தோட்டம், நீச்சல் குளம், சாப்பாடு எல்லாம் இருக்கும் தங்குமிடம். மலையில், கடற்கரையில், காயல் ஓரத்தில் என்று எங்கும் இருக்கிறது. உல்லாசக் கப்பல் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு ஹோட்டல். ஏறும்போது பெட்டியை ஓர் அறையில் வைத்தால், இறங்கும்போது எடுத்தால் போதும்.

கப்பல் பயணம் பணக்காரர்களுக்கு மட்டும்தான், அதுவும் வெளிநாட்டில்தான் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் கிளம்பியது. முதல்வர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அடுத்த வருஷம், 2023 ஜூனில், அதே கப்பல் இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். இந்தக் கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே விசாரித்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

சரி, நம் உடம்புக்கு எது ஒத்துவரும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போகிற வழியில்தான் பாதி வியாதி

நம் பெண்களிடம் ஒரு கெட்ட பழக்கம். பயணம் என்றால் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்ற பயம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் எத்தனை கழிப்பறைகள் சுத்தமாக இருக்கின்றன?

ஆனால், உடம்பு இந்தச் சமாதானத்தை எல்லாம் கேட்காது. பெண்களுக்குச் சிறுநீர்த் தாரையின் நீளம் குறைவு. கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் கிருமி அடித்துக்கொண்டு போய்விடும். அடக்கினால் அங்கேயே பெருகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மாதவிலக்கு நின்ற பிறகும் அந்த இடத்தில் வறட்சி ஏற்படுவதால் தொற்று அதிகம் வரும்.

இந்த ஒரு விஷயத்தில் கப்பலுக்கே என் ஓட்டு. உங்கள் அறையிலேயே கழிப்பறை இருக்கிறது. ராத்திரி நாலு தடவை எழுந்தாலும் பத்து அடி நடந்தால் போதும். மலை ரிஸார்ட்டுக்கு என்றால் போக ஏழெட்டு மணி நேரம், வர ஏழெட்டு மணி நேரம் சாலையில்தான்.

ரிஸார்ட்டுக்கே போவதானால் டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, நல்ல ஹோட்டலாகப் பார்த்து நிறுத்த வேண்டும். வெட்கப்படாதீர்கள்! சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, மடக் மடக்கென்று குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே போங்கள். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். காலில் ரத்தம் தேங்காது.

சிறுநீர் எரிச்சலோடு குளிர் ஜுரமும் முதுகுப் பக்க வலியும் சேர்ந்து வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. சித்த வைத்தியர் நானே சொல்கிறேன், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

தரை ஆடினால் தலை ஆடும்

கப்பல் என்றதும் எல்லோரும் பயப்படுவது வாந்திக்குத்தான். நம் காதுக்குள்ளே உடம்பின் ஆட்டத்தை அளக்கும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. கப்பல் ஆடுவதைக் காது சொல்கிறது. ஆனால் அறைக்குள் இருக்கும் கண், 'சுவர் அசையவில்லையே' என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் மூளை குழம்பி, குமட்டல் வருகிறது. பித்தம் மேலேறிவிட்டது என்று நாங்கள் சொல்வோம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். கர்ப்ப காலத்திலும், மாதவிலக்கு நாட்களிலும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இன்னும் அதிகம்.

மலைப் பாதையும் இதில் சளைத்ததல்ல! சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. ஆனால் மலையில் வாந்தி, ஏறி முடிந்ததும் நின்றுவிடும். கப்பலில் கடல் கொந்தளித்தால் இறங்கி நிற்க இடமில்லை. அதுதான் வித்தியாசம்.

என் சொந்தக் கதை ஒன்று. சென்னையிலிருந்து கப்பலில் கிளம்பிய முதல் நாள் ராத்திரி, விதவிதமான சாப்பாட்டைப் பார்த்து நானும் ஏமாந்தேன். பிரியாணி, குலாப் ஜாமூன், அதற்கு மேல் ஐஸ்கிரீம்! போதாததற்கு அறையில் படுத்துக்கொண்டு பத்திரிகை படித்தேன். பத்து மணிக்குக் கடல் கொஞ்சம் ஆட ஆரம்பித்தது. அப்புறம் என்ன... விடிய விடியக் குளியலறையில்தான் இருந்தேன். "ஊருக்கெல்லாம் குடுக்கறியே, அந்தச் சுக்குப் பொடி எங்கே?" என்று கேட்டார் என் கணவர். அது பெட்டிக்கு அடியில் பத்திரமாக இருந்தது!

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சுக்கை மேல் தோல் சீவிவிட்டுப் பொடி செய்து வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு அரை டீஸ்பூன், அதாவது சுமார் 1 கிராம், வெந்நீரில் கலந்து குடிக்கலாம். டென்மார்க்கில் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரைக் கொண்டு நடுக்கடலில் நடத்தி, 1988-ல் வெளியான ஆய்விலும் இஞ்சிப் பொடி வாந்தியைக் குறைத்தது தெரிந்தது. அவர்கள் கொடுத்ததும் 1 கிராம்தான்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், பித்தப்பைக் கல் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் சுக்கைத் தொட வேண்டாம். இரண்டு ஏலக்காயை மென்றுகொண்டிருந்தால் குமட்டல் அடங்கும். எலுமிச்சம் பழத்தை முகர்ந்தாலும் சிலருக்குக் கேட்கும். இது எதற்கும் கட்டுப்படாத கடுமையான வாந்தி உள்ளவர்கள், டாக்டரைக் கேட்டு அதற்கான ஆங்கில மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

அறை பதிவு செய்யும்போது கீழ்த் தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஊஞ்சலின் நுனிதானே அதிகம் ஆடும்? அதே கணக்குதான். குமட்டினால் அறைக்குள் முடங்காமல் மேல்தளத்துக்கு வந்து, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள்.

வங்காள விரிகுடாவில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் புயல் வரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்

பழமொழியைத் தப்பாகப் புரிந்துகொண்டு, மூன்று நாளும் விருந்து, அப்புறம் மூன்று நாள் மருந்து என்று ஆக்கிவிடுகிறோம்!

கப்பலில் காலையிலிருந்து ராத்திரி வரை ஏதாவது ஒரு கூடத்தில் சாப்பாடு இருந்துகொண்டே இருக்கும். காசு முதலிலேயே கட்டியாகிவிட்டதே என்று மனசு அடித்துக்கொள்ளும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது பெரிய சோதனை. ஒரு வழி சொல்கிறேன். முதலில் தட்டை எடுக்காமல் ஒரு சுற்று சுற்றி வந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்போ மீனோ, கால் தட்டு சாதமோ சப்பாத்தியோ. இனிப்பு வேண்டுமானால் இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம்.

இன்னொரு எச்சரிக்கை. வாந்தி எடுத்து எதுவும் சாப்பிடாமல் இருக்கும்போது, வழக்கம்போல சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

நிறையப் பேர் ஒரே கரண்டியைத் தொடும் இடம் என்பதால் கப்பலில் வயிற்றுப்போக்கு வேகமாகப் பரவும். நோரோ வைரஸ் என்ற கிருமிக்குக் கையில் தடவும் ஜெல் அவ்வளவாகக் கேட்பதில்லை. சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும். சாப்பாட்டைத் தட்டில் எடுத்துக்கொண்ட பிறகும் ஒரு தடவை கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

இருமல், இளைப்பு அடிக்கடி வருகிறவர்கள், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், அடைத்த இடத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு இருப்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் ஜப்பான் நாட்டு யோகஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பல் நினைவிருக்கிறதா? அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. இவர்களுக்குத் தனித்தனிக் குடிலும் திறந்த வெளியும் உள்ள ரிஸார்ட்தான் நல்லது.

ஓய்வு யாருக்கு?

இதுதான் முக்கியமான கேள்வி. சில வருஷம் முன்பு குடும்பத்தோடு மலையில் ஒரு காட்டேஜில் தங்கினோம். 'சமையலறை வசதி உண்டு' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. போன பிறகுதான் தெரிந்தது, அந்த வசதி யாருக்கு என்று! காலையில் ஏழு பேருக்குக் காபி, அப்புறம் உப்புமா, மத்தியானம் ரசம். மூன்று நாளும் ஜன்னல் வழியாகத்தான் பனியைப் பார்த்தேன். வீட்டில் சமைப்பதைக் குளிரில் போய்ச் சமைத்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

அதனால் சகோதரிகளே, ரிஸார்ட் என்றால் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும். கப்பலில் இந்தத் தொல்லை இல்லை. சமைக்க அடுப்பே கிடையாது! அறையைச் சுத்தம் செய்யவும் ஆள் வருவார்கள். ஆனால் பாட்டு, நடனம், சூதாட்டக் கூடம் என்று ராத்திரி வெகு நேரம் சத்தம் இருக்கும். தூக்கம் வராமல் கஷ்டப்படுகிறவர்கள், கூடங்களுக்கு அடுத்த தளத்தில் அறை வாங்கக் கூடாது. அமைதி வேண்டும் என்றால் ரிஸார்ட்தான்.

ரிஸார்ட்டுகளில் 'ஸ்பா' என்று எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், ஜுரம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், காலில் நரம்பு முடிச்சு உள்ளவர்கள் வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகல் தூக்கம், குளிர்ந்த பானம், நீச்சல் குளம் மூன்றையும் தள்ளி வையுங்கள். நம் பாட்டிமார் சொன்னதுதான்.

மாதவிலக்கு, கர்ப்பம், மெனோபாஸ்

டூர் என்றதும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் பலர். தானாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அந்த ஹார்மோன் மாத்திரை, ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். குண்டானவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், மணிக்கணக்காக உட்கார்ந்து பயணம் செய்கிறவர்கள் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். கோயிலுக்கா போகிறோம்? நாப்கினை எடுத்துக்கொண்டு போய்விட்டு வரலாமே!

கர்ப்பிணிகளுக்குக் கப்பல் ஏற்றதல்ல. 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில், ஆட்டம் இல்லாத சாலையில் போகக்கூடிய ரிஸார்ட் போதும்.

மெனோபாஸ் சமயத்தில் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். கப்பலில் ஏ.சி. குளிர், வெளியே கடல் வெக்கை. மெல்லிய பருத்தித் துணியும் ஒரு சால்வையும் கையோடு இருக்கட்டும். மூட்டு வலி, இளைப்பு உள்ளவர்களுக்கு மலைக் குளிர் ஆகாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இவர்களுக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடு பரவாயில்லை. கடற்கரை ரிஸார்ட் இன்னும் நல்லது. மலை ரிஸார்ட்டில் படிகள் எத்தனை என்றும் கேளுங்கள். கப்பலில் லிஃப்ட் உண்டு.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

கப்பலில் ஒரு டாக்டரும் நர்ஸும் உள்ள சிறிய மருத்துவ அறை இருக்கும். முதலுதவிக்கு அது போதும். ஆபரேஷன், பெரிய மாரடைப்பு என்றால் கரை சேர வேண்டும். வைத்தியச் செலவும் டிக்கெட்டில் சேராது, தனி பில்தான். நோயாளியைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டே ஏற வேண்டும்.

ரிஸார்ட்டில் பெரும்பாலும் டாக்டர் இருக்க மாட்டார். ஆனால் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். பதிவு செய்யும்போதே, "பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை நிமிஷம்? ராத்திரி வண்டி இருக்குமா?" என்று கேளுங்கள். பதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால், இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் வேறு இடம் பாருங்கள்.

ஆண் துணை இல்லாமல் போகலாமா?

தாராளமாகப் போகலாம். கப்பலில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று கணக்கு இருக்கும். ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை உண்டு. ஆனால் நடுக்கடலில் ஏதாவது நடந்தால், கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான். நம் ஊர் போலீஸ் உடனே வர முடியாது. கப்பலில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் அப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ரிஸார்ட்டில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், 112-ம் கை கொடுக்கும். தோட்டத்தின் கடைசிக் குடிலை வாங்காமல் வரவேற்பறைக்குப் பக்கத்தில் அறை கேளுங்கள். உள் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தனியாக ஒருத்தியாகப் போனால் கப்பலில் பெரும்பாலும் இரண்டு பேருக்கான கட்டணத்தை வாங்கிவிடுவார்கள். அக்கா தங்கை, நாத்தனார், தோழி என்று ஜோடி சேர்த்துக்கொள்வது லாபம்.

கப்பலில் ஏறியதும் ஆபத்து ஒத்திகை நடக்கும். 'அது எதுக்கு' என்று அறையில் உட்கார்ந்துவிடாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை இன்னும் நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியையே மாற்றினார்கள்.

கைப்பையில் இவை இருக்கட்டும்

* வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், இரண்டு நாளுக்கு அதிகமாக. பெரிய பெட்டியில் போடாமல் கையிலேயே.
* டாக்டர் சீட்டு. சூரணம், லேகியம் என்றால் பெயர் ஒட்டிய டப்பாவோடு. வெறும் பொட்டலமாக எடுத்துப் போனால் சோதனையில் கேள்வி வரும்.
* சுக்குப் பொடி, ஏலக்காய், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குளுக்கோஸ்.
* சால்வை, பருத்தி உள்ளாடை, வழுக்காத செருப்பு.
* துபாய் பக்கம் போகிறவர்கள் கசகசா எடுத்துப் போகவே கூடாது. அங்கே அதற்குத் தடை.

யாருக்கு எது?

முழங்கால் வலி உள்ளவர்கள், நீண்ட சாலைப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள், அடுப்படியை அடியோடு மறக்க நினைக்கிறவர்களுக்குக் கப்பல். கர்ப்பிணிகள், கடும் வாந்தி உள்ளவர்கள், இளைப்பு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், அமைதியைத் தேடுகிறவர்களுக்கு ரிஸார்ட். அதுவும் ஆஸ்பத்திரிக்குக் கிட்டே.

அப்படியானால் அந்த அக்கா தங்கைக்கு என்ன சொன்னேன்? அக்காவின் முழங்காலுக்குக் கப்பல் சரி. தங்கையின் தலைவலிக்கும் வாந்திக்கும் கப்பல் சரியில்லை. கொடைக்கானல் இரண்டு பேருக்குமே சரியில்லை. பிரித்து அனுப்ப முடியுமா?

"முதல்ல மாமல்லபுரம் போங்க" என்றேன். தாம்பரத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ஏற்றம் இல்லை, வளைவு இல்லை. கேளம்பாக்கத்திலும் செங்கல்பட்டிலும் பெரிய ஆஸ்பத்திரிகள். ஜனவரி மாதம், சாப்பாடு சேர்த்து, தரைத்தளத்தில் அறை, மூன்று நாள். அக்காவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: கையில் இருக்கும் ஒரு லிட்டர் பாட்டில் அறைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதியாவது காலியாகி இருக்க வேண்டும்.

"ஏதாவது ஆனா?" என்றார் அக்கா மறுபடியும்.

"ஆகாதபடிக்குத்தான் இவ்வளவும் சொல்றேன். அப்படியும் ஆனா, உங்க தங்கச்சி பக்கத்துல இருக்காங்க. என் நம்பரும் இருக்கு."

பிப்ரவரி முதல் வாரம் இருவரும் கிளினிக்கிற்கு வந்தார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன் டாக்டரம்மா. வழியில ஒரு தடவை வண்டியை நிறுத்தவும் சொன்னேன். டிரைவர் ஒண்ணும் நினைச்சுக்கலை!" என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு. "காலைல கடலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். டிபன் தானா வருது. 'அம்மா, சாவி எங்கே, சீப்பு எங்கே'ன்னு மூணு நாளும் யாரும் என்னைக் கேக்கலை. அவரு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா, அவரு இல்லாமலும் என்னால போயிட்டு வர முடிஞ்சுது."

சர்க்கரை கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. விருந்து அல்லவா! அதை இறக்கிக்கொள்ளலாம். நான்கு வருஷமாக இருந்த பயம் இறங்கியதே, அது பெரிய விஷயம்.

கிளம்பும்போது வாசல் வரை போன அக்கா திரும்பி வந்தார்.

"டாக்டரம்மா... இவளுக்கு அந்தச் சுக்குப் பொடி குடுத்து ஒரு தடவை பழக்கிப் பாருங்களேன். அடுத்த வருஷம் கடல் எந்த மாசம் சாதுவா இருக்கும்னு சொன்னீங்க?"